தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவே: தமிழ் வீட்டு வாசலின் வரலாறு

ரேழி என்பது தெருக்கதவுக்கும் வீட்டுக் கூடத்துக்கும் இடையிலுள்ள குறுகிய நடை. தஞ்சை, கும்பகோணம் பக்கத்து ஓட்டு வீடுகளில் இருவர் ஒருவரையொருவர் உரசாமல் கடக்கும் அகலமே இதற்கு இருக்கும். பகலிலும் அரையிருட்டு. சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடம், குடையும் கைத்தடியும் மாட்ட ஒரு முளை, அறுப்பு முடிந்த நாட்களில் ஓரமாக அடுக்கிய நெல் மூட்டைகள் என்று அந்த இடம் நிறைந்துவிடும். இதன் பழைய பெயர் இடைகழி. பேச்சில் அது தேய்ந்து டேழி என்றும் ரேழி என்றும் ஆனது. தெருவிலிருந்து கணக்கிட்டால் கோலம் போடும் வாசல், திண்ணை, நிலை, ரேழி என்ற நான்கும் சேர்ந்ததுதான் தமிழ் வீட்டின் நுழைவிடம். இவற்றை அலங்கரித்த முறைக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுச் சான்றுகள் இருக்கின்றன.

தமிழ் வைணவப் பக்தி இலக்கியத்தின் தொடக்கக் கதையே ஓர் இடைகழியில்தான் நடக்கிறது. திருக்கோவலூரில் மழை பெய்த ஓர் இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்பது அந்த இடத்துக்கு வைணவ மரபு தரும் அளவு. அங்கே நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்த மூவரும் பாடியவையே முதல் மூன்று திருவந்தாதிகள் என்பது மரபு. நான்காவதாக வந்த பெருமாளுக்குத் தேஹளீசன், அதாவது இடைகழியின் தலைவன், என்ற பெயர் உண்டு. வேதாந்த தேசிகர் அப்பெயரிலேயே ஒரு துதி இயற்றியிருக்கிறார். வீட்டுக்குள் அழைக்கப்படாதவரும் மழைக்கு ஒதுங்கலாம் என்ற உரிமை அந்த இடத்துக்கு இருந்தது என்பதைக் கதை போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது.

பழைய இலக்கியத்தில் வாசல்

சங்கப் பாடல்களில் வீட்டின் முன்னிடத்துக்கு வழங்கும் சொல் முன்றில். 'இல்முன்' என்பதே முன்பின்னாக மாறி முன்றில் ஆனது என்று இலக்கண நூல்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லும். வீட்டுக்கு முன்னால் உயர்த்திக் கட்டிய மேடைக்குத் தெற்றி என்று பெயர்; அதற்குத் திண்ணை என்று உரையாசிரியர்கள் பொருள் எழுதினார்கள்.

அலங்கரித்த நிலை ஒன்றை நுணுக்கமாகக் காட்டுவது பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. அது அரண்மனை வாசல். கொடி பிடித்தபடியே யானை நுழையும் உயரம் உடையது. இரட்டைக் கதவுகள் பருத்த இரும்பால் பிணிக்கப்பட்டு, செவ்வரக்குப் பூசப்பட்டிருக்கின்றன. மேலே குறுக்காகக் கிடக்கும் மரத்தைக் கவிஞர் பெயர் சொல்லாமல், ஒரு நட்சத்திரத்தின் பெயரைக் கொண்ட மரம் என்கிறார். நட்சத்திரம் உத்தரம், மரமும் உத்தரம். அதில் குவளைப் பூவும் பிடியானைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் திருமகள், இருபுறமும் யானைகள் என்று நச்சினார்க்கினியர் இதற்கு உரை எழுதினார். அந்த நெடுநிலையில் நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியிருந்தன என்பது பாட்டு தரும் இன்னொரு செய்தி. தீங்கு அண்டாமலிருக்கப் பூசுவது அது.

இன்றும் தச்சர்கள் அந்தக் குறுக்கு மரத்தை உத்தரம் என்றுதான் சொல்கிறார்கள். நிலையின் மேல்கட்டையில் செதுக்கும் உருவம் இன்றும் பெரும்பாலும் கஜலட்சுமி. வெண்சிறுகடுகு இருந்த இடத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வந்திருக்கின்றன. செதுக்கிய மரம், அவ்வப்போது பூசும் காப்பு என்ற இரண்டும் ஒரே நிலையில் சேர்ந்திருப்பது அப்போதே தொடங்கிவிட்டது.

விழாக்கால அலங்காரத்துக்கு மணிமேகலை சான்று. புகார் நகரில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் தோரண வீதியில் நிறைகுடமும் பாவை விளக்கும் வைக்கச் சொல்கிறான். காய்த்த கமுகும் வாழையும் வஞ்சிக்கொடியும் கரும்பும் நடச் சொல்கிறான். பழைய மணலை அள்ளிவிட்டுப் புதுமணல் பரப்பச் சொல்கிறான். ஆண்டாள் தன் திருமணக் கனவில் காண்பதும் பூரண கும்பமும் தோரணமுமே. நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில் தை மாதத்தில் தரையைத் துலக்கி, மண்டலமிட்டு, மாசித் தொடக்கத்தில் நுண்ணிய மணலால் தெருவை அழகுபடுத்தும் நோன்பு வருகிறது. வாசல் தரையில் உருவம் வரையும் வழக்கத்துக்குத் தமிழில் கிடைக்கும் பழைய சான்றுகளில் இது முக்கியமானது.

திண்ணை

திண்ணை வீட்டுக்காரர் கட்டி, தெருவுக்கு விட்டுக்கொடுத்த இடம். அகலமான வீட்டில் வாசற்படிக்கு இருபுறமும் ஆள் நீட்டிப் படுக்கும்படி திண்ணைகள் இருக்கும். ஒரு கோடியில் தலையணைபோலச் சரிவாக மேடு கட்டியிருப்பார்கள். இடமில்லாத வீட்டில் ஒருவர் உட்காரும் அகலத்துக்குச் சுவரை ஒட்டி ஒட்டுத்திண்ணை கட்டுவார்கள். மேலே தாழ்வாரக் கூரை, அதைத் தாங்க மரத்தூண்கள், தூணின் தலைப்பில் போதிகை, சுவரில் விளக்கு மாடம். சிமெண்ட் வருவதற்கு முன்பு திண்ணை சாணத்தால் மெழுகியதாகவோ சுண்ணாம்புக் காரை பூசியதாகவோ இருந்தது. வழுவழுப்பாகத் தேய்த்த சிவப்புச் சிமெண்டு பின்னால் பரவியது.

இந்த இடத்தில் நடந்த வேலைகளுக்குக் கணக்கில்லை. வழிப்போக்கர் இரவு தங்கினர். மாட்டுத் தரகு பேசப்பட்டது. வட்டிக் கணக்கு எழுதப்பட்டது. கிழவர்கள் பகல் தூக்கம் போட்டனர். எல்லாவற்றுக்கும் மேலாக அது பள்ளிக்கூடமாக இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உள்நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். தனிக் கட்டடம் இல்லாத பல பள்ளிகள் ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ நடந்தன. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகினார்கள். மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அந்த முறையை எடுத்துக்கொண்டார். அவர் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்ட பிறகு அது இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது.

திண்ணையை எல்லாருக்கும் திறந்த இடமாக மட்டும் வருணிப்பது பாதி உண்மை. யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒருவர் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்பதே அவருடைய தகுதிக்கு அளவுகோல்: அறிமுகமில்லாதவருக்குத் திண்ணை, தெரிந்தவருக்கு ரேழி, உறவினருக்குக் கூடம், வீட்டாருக்கு அடுப்படி. பகலில் திண்ணை ஆண்களின் இடம். பெண்கள் ரேழிக் கதவுக்குப் பின்னால் நின்று தெருவைக் கேட்டார்கள். விடியற்காலையில் கோலம் போடும் சிறிது நேரந்தான் வாசல் முழுக்க அவர்களுடையதாக இருந்தது.

ஊருக்கு ஊர் அமைப்பு மாறும். புதுச்சேரியின் தமிழர் பகுதியில் திண்ணைக்கு முன்னால் நடைபாதைமீது தூண்கள் நிறுத்தி இறக்கிய தாழ்வாரம் உண்டு. தெருவில் நடப்பவர் ஒரு வீட்டின் நிழலிலிருந்து அடுத்த வீட்டின் நிழலுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். அங்குள்ள கால்வே சுப்பராயச் செட்டித் தெருவில், அதாவது பழைய வைசியாள் தெருவில், வீட்டு முகப்புகளைப் பழைய வடிவத்துக்கு மீட்ட பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் வீடு தெருவை ஒட்டி நிற்பதில்லை. வேலியடைத்த வளவுக்குள் இருக்கும். அதனால் அலங்காரம் வேலியின் வாசலுக்குப் போனது. சங்கடப்படலை என்ற, கூரை போட்ட அந்த வேலிவாசலில் வழிப்போக்கர் இளைப்பாற இருக்கையும் உண்டு.

நிலையும் கதவும்

வீடு கட்டும்போது தனிச் சடங்கு பெறும் உறுப்பு நிலை. நல்ல நாள் பார்த்து, தலைவாசல் நிலையை நிறுத்துவதற்கு முன் அதைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து உத்தரத்தில் கட்டுவார்கள். நிலைக்குக் கீழே நாணயமோ பொன் துணுக்கோ போடுவார்கள். தச்சருக்கும் கொத்தனாருக்கும் வேட்டியும் தட்சிணையும் உண்டு. வாசல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், சுவரில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதற்கு மயமதம் போன்ற வடமொழிச் சிற்ப நூல்களில் விதிகள் உள்ளன. மலிவு விலையில் அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்ற மனையடி சாஸ்திரப் புத்தகங்கள், 6 அடியில் தொடங்கி ஒவ்வோர் அடிக்கும் பலன் சொல்லி அந்த விதிகளைச் சாதாரண வீட்டுக்காரரிடம் கொண்டுசேர்த்தன.

பழைய கதவுக்குக் கீல் இல்லை. கதவுப் பலகையின் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, உத்தரத்திலும் படியிலும் உள்ள குழிகளில் சுழலும். அதைத் தாங்க வேண்டியிருந்ததால் நிலைக்கட்டைகள் பருமனாக அமைந்தன. பருமன் இருந்ததால் செதுக்க இடம் கிடைத்தது. கொடி, கிளி, அன்னம், யாளி, பூக்கள் என்று வரிசை வரிசையாக வேலைப்பாடு வந்தது இப்படித்தான். கதவில் பித்தளைக் குமிழ்கள், நாதாங்கி, உள்ளே மரத் தாழ்ப்பாள். நிலைப்படியை மிதிக்கக்கூடாது, அதில் நின்று பேசக்கூடாது என்ற விலக்குகளும் உண்டு. இரணியனை நரசிம்மர் மடியில் கிடத்திக் கொன்ற இடம் உள்ளும் புறமும் அல்லாத வாசற்படி என்பதை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள்.

செட்டிநாடு

வாசல் அலங்காரம் உச்சத்தைத் தொட்டது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் செட்டிநாட்டில். நாட்டுக்கோட்டை நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் வட்டித் தொழில் செய்தார்கள். 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் ஐராவதிக் கழிமுகத்தில் நெல் சாகுபடி பெருகியது. அதற்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் இவர்கள். ஈட்டிய பணம் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் போன்ற ஊர்களில் வீடுகளாக நின்றது.

அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும். முகப்பு, வளவு என்ற முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும். எல்லா வாசல்களும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முன்வாசலில் நிற்பவர் பின்வாசல் வெளிச்சத்தைப் பார்க்கலாம். முகப்புத் திண்ணையில் ஆண்கள் வரவுசெலவு பார்த்தார்கள். ஓர் ஓரத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்தார். தூண்களுக்கும் நிலைகளுக்கும் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலியப் பளிங்கு, சுவரின் கீழ்ப்பகுதிக்கு ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் செய்த வண்ண ஓடு, பெல்ஜியக் கண்ணாடி என்று தொழில் போன வழியெல்லாம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கைப்பிடிச் சுவரின் உச்சியில் சுதையாலான கஜலட்சுமிக்குப் பக்கத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சிப்பாயும் நின்றான். சுவருக்கு மேற்பூச்சு நுண்ணிய சுண்ணாம்பு. கடுக்காய் நீர், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள்.

வெளியிலிருந்து வந்ததை ஊரிலேயே செய்யப் பழகியதற்கு ஆத்தங்குடிக் கல் எடுத்துக்காட்டு. சிமெண்டில் வண்ண ஓடு வார்க்கும் முறை ஐரோப்பாவில் தோன்றியது. ஆத்தங்குடிக் கைவினைஞர்கள் அதைக் கண்ணாடிமேல் செய்தார்கள். சதுரக் கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அசையாமல் தூக்கிவிடுவார்கள். ஈரம் இழுக்க உலர்ந்த மணல்-சிமெண்டுக் கலவையைத் தூவி, அதன்மேல் காரையை நிரப்பி அழுத்திச் சமன் செய்வார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். எடுத்து வெயிலில் வைத்தால் கண்ணாடி தானே கழன்றுவரும்; கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம் கண்ணாடிபோலவே மின்னும். சூளை இல்லை, மெருகேற்றும் இயந்திரமும் இல்லை. நடக்க நடக்கப் பாதம் பட்டே அந்தக் கல்லுக்கு மினுமினுப்புக் கூடும்.

இரண்டாம் உலகப் போர் இந்தச் செழிப்பை முறித்தது. 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா விடுதலை பெற்ற 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. வருமானம் நின்ற வீடுகளில் பங்காளிகள் பெருகினார்கள். பல வீடுகள் பிரித்து விற்கப்பட்டன. தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து பெருநகர ஓட்டல்களுக்கும் புது வீடுகளுக்கும் போயின. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டை அதன் திண்ணையோடு பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் உள்ளன.

நாளும் மாறும் அலங்காரம்

தேக்கும் பளிங்கும் சிலருக்கே வாய்த்தன. எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தது விடியலில் போட்டு மாலைக்குள் அழியும் அலங்காரம். சாணம் தெளித்துப் பெருக்கிய ஈரத்தரையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அரிசிமாவை எடுத்துப் புள்ளி வைப்பார்கள். '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி' என்றால் நடுவில் 15, அடுத்தடுத்த வரிசையில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 8-இல் நிறுத்த வேண்டும். புள்ளிகளைச் சேர்த்து வரைந்தால் பூவும் தேரும் வரும். புள்ளிகளைச் சுற்றிக் கை எடுக்காமல் வளைத்தால் சிக்குக்கோலம், அதாவது கம்பிக்கோலம். கல்யாணத்துக்கு அரிசியை ஊறவைத்து அரைத்த மாக்கோலம், அதைச் சுற்றிக் காவி. மார்கழியில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பறங்கிப்பூ. இறப்பு நேர்ந்த வீட்டு வாசலில் கோலம் இருக்காது. தெருவில் போகிறவருக்கு வேறு அறிவிப்பு வேண்டியதில்லை.

சிக்குக்கோலத்தின் ஒழுங்கு கணிதக்காரரையும் இழுத்தது. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்தை வரிசை இலக்கணங்களோடு, அதாவது உருவங்களை விதிகளால் கட்டும் கணினி முறைகளோடு, இணைத்து 1974-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை கணினியியலில் மேலும் ஆய்வுகளுக்கு வழிவிட்டது.

வாசலுக்கு மேலேயும் காலண்டர் உண்டு. போகியன்று கொங்குப் பகுதியில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து நிலையில் காப்புக் கட்டுவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்துக் காவிப் பட்டை இழுப்பார்கள். ஆடியில் வேப்பிலை, ஆயுதபூசைக்கு வாழைக்கன்று, கார்த்திகைக்குத் திண்ணையிலும் மாடத்திலும் படியிலும் அகல், விசேஷம் எதுவானாலும் மாவிலைத் தோரணம், கல்யாணத்துக்குத் தென்னங்குருத்துத் தோரணமும் குலைவாழையும். கண்ணேறு கழிக்கப் பூசணிக்காயோ, எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரமோ, படிகாரமோ தொங்கும். வாங்கிவைத்து மறந்துவிடும் பொருள் இதில் ஒன்றும் இல்லை. எல்லாம் வாடும், அழியும், மறுபடி செய்யப்படும்.

மாதிரிகள் வந்த வழி

வாசலை இப்படி அலங்கரிக்கலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் மாதிரி கோயில். கோபுர வாசலின் கஜலட்சுமியும் கொடிப்பெண்களும் யாளியும் வீட்டு நிலையில் சிறிதாகச் செதுக்கப்பட்டன. கோயில் மதிலின் காவி-வெள்ளைப் பட்டைகள் அக்கிரகாரத் திண்ணைக்கு வந்தன. இரண்டாவது மாதிரி அடுத்த வீடு. நேற்று எதிர்வீட்டில் கண்ட கோலம் நாளை இந்த வீட்டில் இரண்டு புள்ளி கூடுதலாக வரும்.

அச்சு வந்ததும் மாதிரிகள் வெளியூரிலிருந்தும் வரத் தொடங்கின. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்கள் சட்டம் போட்டு ரேழியிலும் உள்வாசலுக்கு மேலும் மாட்டப்பட்டன. அவற்றைப் பார்த்துச் செய்த வண்ண ஓடுகள் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தன. பெண்கள் கோடுபோடாத நோட்டில் கோலங்களைச் சேர்த்துவைத்தார்கள். கல்யாணமாகிப் போகும்போது அந்த நோட்டும் பெட்டியில் போனது. பத்திரிகைகள் மார்கழி தோறும் கோல இணைப்பு வெளியிட்டன. பேருந்து நிலையக் கடைகளில் கோலப் புத்தகங்கள் தொங்கின. சினிமாவில் கண்ட பங்களாக்களின் வளைந்த மாடிப்படியும் போர்டிகோவும் ஊர்ப் பணக்காரர் வீட்டு முகப்பை மாற்றின.

சுருங்கிய வாசல்

20-ஆம் நூற்றாண்டில் திண்ணை மறைந்ததற்குக் காரணங்கள் பல. பள்ளிக்கூடத்துக்குத் தனிக் கட்டடம் வந்தது. வழிப்போக்கருக்குப் பேருந்தும் விடுதியும் கிடைத்தன. மின்விசிறியும் வானொலியும் பின்னர் தொலைக்காட்சியும் மாலை நேரத்தை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டன. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்ததில் மூன்று படி ஏறி உட்கார்ந்த திண்ணை தெருமட்டத்துக்கு வந்துவிட்டது. சாலையை அகலப்படுத்தியபோது முதலில் இடிபட்டதும் அதுதான். இடிபடாதவற்றுக்குக் கம்பிக் கதவு போட்டார்கள். திண்ணை வராண்டா ஆனது. குடை மாட்டிய ரேழியில் முதலில் சைக்கிளும் பிறகு ஸ்கூட்டரும் நின்றன.

நகரங்களில் நிலத்தின் விலை அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. 1961-இல் வீட்டு வசதி வாரியத்துக்கான சட்டமும் 1970-இல் குடிசை மாற்று வாரியமும் வந்தன. வாரியக் குடியிருப்புகளில் மாடிப்படி ஏறியதும் கதவு; கதவைத் திறந்ததும் கூடம். தனியார் கட்டிய அடுக்குமாடிகள் பெருகி, 1994-இல் அடுக்குமாடி உடைமைச் சட்டமும் இயற்றப்பட்டது. அவற்றில் வாசல் என்பது பொதுத் தாழ்வாரத்தில் கதவுக்கு முன்னால் உள்ள ஒரு மிதியடி அளவு இடம். சட்டப்படி அது வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. அந்தத் தளத்துக் குடும்பங்கள் எல்லாம் நடக்கும் வழி அது. செருப்பு அடுக்கும் அலமாரியை வெளியே வைக்கலாமா என்பதே பல குடியிருப்புகளில் நெடுநாள் வழக்காக இருக்கிறது.

அந்தச் சிறு இடத்தில் எவை தங்கின என்று பார்த்தால் வாசலின் வரலாறு தெளிவாகிறது. திண்ணை போயிற்று, ரேழி கூடத்தோடு கலந்தது, தூண் இல்லை, மாடம் இல்லை. முன்கதவு மட்டும் மற்ற அறைக் கதவுகளைவிட உயர்ந்த மரத்தில், நடுவே பிள்ளையாரோ லட்சுமியோ செதுக்கி இன்றும் செய்யப்படுகிறது. உள்ளறைக் கதவுகள் ஒட்டுப்பலகையாக இருந்தாலும் தலைவாசல் நிலைக்குப் பூசை உண்டு. தாழ்வாரத்துப் பளிங்குத் தரையில் சாணம் தெளிக்க வழியில்லாததால் ஈரத்துணியால் துடைத்து ஒரு சாண் கோலம் போடுகிறார்கள். அதற்கும் நேரமில்லாதவர்கள் ஒட்டுக்கோலம் வாங்கி ஒட்டுகிறார்கள். மாவிலைக்குப் பதில் நெகிழித் தோரணம் ஆண்டு முழுக்கத் தொங்குகிறது. மாடத்து அகல் மின்விளக்காக மாறியிருக்கிறது. உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவது ஓட்டல் முகப்புகளிலிருந்து வீடுகளுக்கு வந்த வழக்கம்.

இடம் பெரிதாக இருந்தபோது வந்த அலங்காரங்கள் இடத்தோடு போய்விட்டன. பிழைத்தவை இடமே கேட்காதவை. நிலையில் ஒரு பொட்டு மஞ்சளுக்கும், உத்தரத்தில் ஒரு கொத்து இலைக்கும், தரையில் நான்கு புள்ளிக்கும் அரை அடி அகலம் போதும். ஆனால் அவற்றை நாளும் யாராவது செய்ய வேண்டும். ஒட்டுக்கோலமும் நெகிழித் தோரணமும் இடப்பஞ்சத்தால் வந்தவை அல்ல. ஆள் பஞ்சத்தால் வந்தவை.